பிரகாரத்துத் தும்பை

தும்பைப் பூவைக் கிள்ளக் கூடாது. கிள்ளினால் நசுங்கிவிடும். கொத்துக்குக் கீழே ஈரத்துணியை ஏந்திப் பிடித்து, விரல் நுனியால் லேசாகத் தடவினால் போதும். பச்சைக் குப்பியிலிருந்து பூ தானாகக் கழன்று விழும். ஒரு பூ அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஒரு கைப்பிடி சேர நெடுநேரம் குனிந்தபடி இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு முன்பு தெரியாது. என் மனைவிக்குத் தெரியும். நான் தெரிந்துகொண்டபோது தடவிப் பார்க்கச் செடி இல்லை.

நான் ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் முப்பது வருஷமாக வேலை செய்கிறவன். படிப்பு எட்டாவதோடு நின்றது. விரல் இடுக்குகளில் அரக்கோ நீலமோ எப்போதும் ஒட்டியிருக்கும். விபூதி பூசும்போது நெற்றியிலும் நிறம் ஏறிவிடுகிறது என்று வீட்டில் கேலி செய்வார்கள். சாயம் ஏற்றுவதற்கு முன்னால் நூலை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை நீக்குவோம். நூல் வெளுத்து வரும். எவ்வளவு வேகவைத்தாலும் அந்த வெள்ளையில் எங்கேயோ ஒரு மஞ்சள் பதுங்கிக்கொண்டிருக்கும். தும்பையின் வெள்ளையில் அது கிடையாது. ஈசனுக்கு அந்தப் பூ பிடிக்கும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏன் பிடிக்கும் என்று யோசித்ததில்லை.

மழை முடிந்த கார்த்திகை, மார்கழியில் அது எங்கேயும் இருக்கும். கேழ்வரகு அறுத்த நிலத்தில், வரப்பில், இடிந்த சுவரின் சுண்ணாம்பு மண்ணில், ரோட்டோரத்தில். ஆடு மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். இலையில் ஒரு காரமான வாசனை உண்டு. அதனால் மேய்ச்சலுக்குத் தப்பிவிடும். ஈரம் இருந்தால் முழங்கால் உயரம் வளரும். இல்லாவிட்டால் விரல் உயரத்திலேயே நின்றுகொள்ளும். அந்த விரல் உயரத்திலும் நாலு பூ பூக்கும். வளர்வதை நிறுத்திக்கொள்ளுமே தவிரப் பூப்பதை விடாது. மாசி, பங்குனியில் மற்றதெல்லாம் சருகான பிறகு, சுற்று வட்டாரத்துச் சின்னத் தேனீக்களுக்கும் எறும்புகளுக்கும் வாயில் வைக்க அது ஒன்றுதான் மிச்சம் இருக்கும். இதையும் நான் பிற்பாடுதான் கவனித்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். சேத்துப்பட்டில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், தங்கமான பையன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இரண்டு தடவை கரு தங்கவில்லை. முதல் தடவை மூன்றாம் மாதம். இரண்டாவது தடவை ஐந்தாம் மாதம். மூன்றாவதாக உண்டாகி, தை மாதத்தில் நாலு முடிந்தது. கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் தையல் போட்டு, படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லிவிட்டார். மகளை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்து, மின்விசிறிக்கு நேராகக் கட்டில் போட்டுப் படுக்கவைத்தோம். அவள் இருமினால்கூட இரண்டு பேரும் கட்டிலுக்கு ஓடுவோம்.

அந்தத் தை மாதத்திலிருந்து என் மனைவி விடியும் முன்பே குளித்துவிட்டு வெளியே போக ஆரம்பித்தாள். நான் பட்டறைக்குக் கிளம்பும் நேரத்தில் திரும்பி வருவாள். புடவைக் கரையில் புல் விதைகள் ஒட்டியிருக்கும். வந்ததும் ஒரு வெள்ளைத் துணியை அலசிக் கொடியில் காயப் போடுவாள்.

"காலங்காத்தால எங்க போய்ட்டு வர்ற?"

"கோயிலுக்கு."

"எந்தக் கோயிலு?"

"சாமி இருக்கிற கோயிலுதான். போங்க, பட்டறைக்கு நேரமாவுது."

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் மனசுக்குள் செய்துகொண்ட வேண்டுதலை, அது பலிக்கும்வரை வெளியே சொல்லக் கூடாது. கட்டியவனிடம்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் கலைந்துவிடும். அவள் ஏதோ நேர்ந்துகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டால் மகளுக்கு ஆகாது என்று பேசாமல் இருந்தேன்.

எனக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது. நான் பத்து வருஷமாக ஓர் உழவாரக் குழுவில் இருக்கிறேன். உழவாரம் என்றால் கோயில்களில் முளைத்துக் கிடக்கும் புல் பூண்டுகளைச் செதுக்கி, ஒட்டடை அடித்து, தரையைக் கழுவிவிட்டு வரும் தொண்டு. மாதத்தில் இரண்டு ஞாயிறு வேன் பிடித்துப் போவோம். மகள் படுத்த அன்று பூஜை அலமாரி முன்னால் நின்று சொன்னேன்: "சாமி, பாழாகக் கிடக்கிற உன் கோயில் ஒன்றை, அவள் பிரசவத்துக்குள் என் கையால் சுத்தம் செய்து கொடுக்கிறேன். என் பிள்ளை வயிற்றில் இருப்பதைக் காப்பாற்று." இதை நானும் யாரிடமும் சொல்லவில்லை.

தேவிகாபுரம் போகும் ரோட்டில், ஊரைத் தாண்டியதும் வயல்களுக்கு நடுவே ஒரு சின்னச் சிவன் கோயில் இருக்கிறது. கோபுரம் கிடையாது. கருங்கல் கருவறை, முன்னால் நாலு கால் மண்டபம், சுற்றிலும் மண் பிரகாரம், இடிந்த மதில். குருக்கள் மொபெட்டில் வந்து ஒரு வேளை விளக்கேற்றிவிட்டுப் போவார். அந்தக் கோயிலைச் செய்யலாம் என்று குழுவில் நான்தான் சொன்னேன். பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினைந்து பேர் போனோம்.

வேனை விட்டு இறங்கியபோது சுற்றிலும் பார்க்கச் சகிக்கவில்லை. அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. கிணறுகள் அடி தெரிந்தன. வயலெல்லாம் வெடித்து, தென்னைகள்கூட மட்டையைத் தொங்கப்போட்டு நின்றன. ஆனால் கோயில் மதிலுக்குள் கால் வைத்தால், பிரகாரம் முழுக்கத் தும்பை. ஒரு சாண் உயரத்துக்குமேல் ஒரு செடியும் இல்லை. ஒவ்வொன்றிலும் பூ. மேலே சின்னச் சின்னக் கொசுத்தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அம்பாள் சன்னதிச் சுவரில் ஒரு விரிசல், அதிலிருந்து மெழுகுக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் அவற்றின் வாசல்.

எங்கள் குழுத் தலைவர் கம்பி, சிமெண்டு வியாபாரம் செய்கிறவர். நல்ல மனுஷர், கைக்காசு போட்டுத்தான் எல்லாம் செய்வார். இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இன்னாங்கய்யா இது, கோயிலா, கொல்லையா? ஜல்தியா ஆரம்பிங்க, வெயில் ஏறிட்டா பேஜாராப் போயிடும்."

எனக்கு மனசு கொஞ்சம் இடறியது. "தும்பைங்கய்யா. சாமிப் பூ. ஓரமா ஒரு பாத்தி மட்டும் விட்டுடலாமா?" என்றேன்.

"விட்டா அடுத்த மழைக்கு மறுபடியும் முழுக்கப் பரவிடும். உள்ள பாம்பு படுத்துகினு இருக்கும். பிரதோஷத்துக்கு ஜனங்க எங்க நிக்கறது? நாம பூந்தோட்டம் போட வரலிங்க, சுத்தம் பண்ண வந்துகிறோம்."

மம்மட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தர் நிமிர்ந்தார். "ஐயாவுக்குத் தும்பை மேல இன்னா அவ்ளோ பாசம்? வேரோட புடுங்கிகினு ஊட்டுக்குப் போங்க. அம்மா தொவையல் அரைச்சிப் போடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். நாலைந்து செடியிலிருந்து பூவைக் கிள்ளி, கையில் பாதி நசுங்கியதோடு கொண்டுபோய், கருவறைக் கதவின் கம்பிகளுக்கிடையில் கைவிட்டு உள்ளே லிங்கத்தை நோக்கிப் போட்டேன். பூவைச் சாமிக்குக் கொடுத்தாகிவிட்டது, இனிச் செடியை எடுத்தால் பாவம் இல்லை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் மம்மட்டி வெட்டு என்னுடையதுதான். வேண்டுதல் என்னுடையது அல்லவா, நான்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று முந்திக்கொண்டேன்.

வேரோடு போகவேண்டும் என்று தலைவர் சொன்னதால் இரண்டு விரல் ஆழத்துக்கு மண்ணையும் சேர்த்தே சுரண்டினோம். சுரண்டிய மண்ணை டிப்பரில் ஏற்றி, எங்கோ பள்ளமான மனை ஒன்றில் கொட்ட அனுப்பினோம். அதே டிப்பரில் கிராவல் வந்தது. அதைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளை விட்டுக் கெட்டித்தோம். மறுபடி முளைக்காமல் இருக்கக் களைக்கொல்லி அடித்தோம். சுவர் விரிசல்களைச் சிமெண்டு வைத்துப் பூசினோம். அந்த மெழுகுக் குழாயையும்தான். சாயங்காலத்தில் பிரகாரம் தட்டிய களிமண் தட்டுபோல் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் காலில் ஒரு துரும்பு குத்தவில்லை. முன்பு எடுத்த படம், பின்பு எடுத்த படம் இரண்டையும் வாட்ஸப்பில் போட்டார்கள். கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சாமிகிட்டச் சொன்னதை முடித்துவிட்டேன், இனி என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது தலையெல்லாம் மண். மனைவி வாளியில் தண்ணீர் எடுத்து வைத்தாள்.

"எந்தக் கோயிலுக்குப் போயிட்டு வர்றீங்க, இவ்ளோ புழுதி?"

"சாமி இருக்கிற கோயிலுதான்" என்றேன், அவள் சொன்னதைப் போலவே இழுத்து. அவள் சிரித்தாள். கட்டிலில் படுத்திருந்த மகளும், "ரெண்டு பேருக்கும் இன்னா ரகசியமோ" என்று சிரித்தாள். அந்த வருஷத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் திங்கட்கிழமை. மனைவி வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பிவிட்டாள். துணியைக் கொடியில் போடவில்லை. அடுப்படி வாசலில் உட்கார்ந்துவிட்டாள். துணி மடித்த மடிப்போடு கையில் இருந்தது.

"இன்னா ஆச்சு? காலு வலியா?"

"எந்தப் பாவிங்களோ எல்லாத்தையும் வழிச்சி எடுத்துட்டாங்க. ஒரு செடி இல்ல. மண்ணே இல்லீங்க. கல்லைக் கொட்டி வெச்சிக்கிறாங்க."

"எங்க?"

அவள் தேவிகாபுரம் ரோடு என்றாள்.

உள்ளே மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். "நாங்கதான்" என்றேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவள், "இன்னா?" என்றாள். "நாங்கதான் நேத்துச் சுத்தம் பண்ணோம். நான்தான் அந்தக் கோயிலைச் சொன்னேன்."

"எதுக்கு?"

"இவளுக்காகத்தான்."

அவள் என் கைகளைப் பார்த்தாள். அப்புறம் சொல்லக்கூடாத அந்த வேண்டுதலைச் சொன்னாள். சொல்வதில் இனி என்ன இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ. பிரசவம் ஆகிறவரை தினம் ஒரு கை தும்பைப்பூ, காசு கொடுத்து வாங்காமல், தன் கையாலேயே எடுத்து அந்த லிங்கத்துக்குப் போடுகிறேன் என்று நேர்ந்திருக்கிறாள். ஒரு நாள் தப்பாமல் போட்டும் வந்திருக்கிறாள். அவள் பூவை மட்டும் உதிர்த்துக்கொண்டாள்; விதை அந்தப் பச்சைக் குப்பிக்குள்ளேயே தங்கி, காய்ந்து, கீழே கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் விதை விழுந்த மண்ணையே வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தோம்.

"மல்லி வாங்கிட்டு வரட்டா? பத்து மொழம் வாங்கறேன்" என்றேன்.

"மல்லி கடையில கெடைக்குது. நான் சாமிகிட்ட சொன்னது அது இல்லீங்க."

அன்றைக்குப் பட்டறைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவை மகளுக்குத் துணை வைத்துவிட்டு, மனைவியை மொபெட்டில் உட்காரவைத்துக்கொண்டு தும்பை தேடிக் கிளம்பினேன். சாதாரணப் பூ, எங்கேயும் கிடக்கும் என்றுதான் நினைத்தேன். சின்ன வயதில் எங்கே திரும்பினாலும் பார்த்த பூ. எப்போது அது இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியாது. அது இருந்தபோதும் நான் பார்த்ததில்லை அல்லவா.

ஏரிக்குள் போனோம். சீமைக் கருவேல முள்ளைத் தவிர எதுவும் இல்லை. கேழ்வரகு விளைந்த மேட்டு நிலங்களில் மஞ்சள் கல் நட்டு மனை போட்டிருந்தார்கள். வரப்புகளில் புல் வைக்கோல் நிறத்தில் கருகிக் கிடந்தது. அது வெயிலால் கருகியது அல்ல. பெரணமல்லூர்ப் பக்கம் ஒரு வேர்க்கடலை நிலத்தில், தலையில் துண்டு போட்டுக்கொண்டு ஓர் அம்மா கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்திக் கேட்டேன்.

"தும்பையா? அதை ஒழிக்கத்தான் போன மாசம் மருந்தடிச்சோம். இன்னாத்துக்கு?"

"சாமிக்குங்க."

"சாமிக்குன்னு முன்னயே சொல்லியிருந்தா ஒரு ஓரமா விட்டுருப்போம்ல" என்று அவர் சிரித்தார். என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "மயானத்துப் பக்கம் பாருங்க. அங்க யாரும் மருந்தடிக்க மாட்டாங்க" என்றார்.

அங்கே இருந்தது. சாம்பலும் ஓட்டுத் துண்டுகளும் கிடந்த தரையில், விரல் உயரத்தில், தலைக்கு ரெண்டு மூன்று பூவோடு இருபது முப்பது செடிகள். ஒரு சின்ன நீலப் பட்டாம்பூச்சி ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தது. நான் துணியை விரித்தேன். மனைவி வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

"வா. அவரே சுடலையில ஆடறவருதான. இங்க பூத்ததுதான் அவருக்கு இன்னும் விசேஷம்."

"சாமிக்கு ஆவும். என் பொண்ணுக்கு ஆவுமா?"

துணியை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அன்று எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. எடுத்து, பின்னால் நடந்தது நடந்திருந்தால், மயானத்துப் பூவால்தான் என்று அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பாள். எப்படிப் போனாலும் எங்களுக்கு வழி இல்லாமல்தான் இருந்தது.

கடைசியில் தேவிகாபுரத்துக்கு அந்தப் பக்கம், கைவிட்ட ஒரு கல் குவாரியின் விளிம்பில் கொஞ்சம் கிடைத்தது. பாறை இடுக்கில் பிடிமண்ணில் நின்ற செடிகள். தினமும் விடியற்காலையில் அவளை அங்கே கூட்டிப்போய், பூ எடுத்ததும் கோயிலுக்குக் கொண்டுவந்து விட்டேன். அவள் தடவி எடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அந்த வெடித்த பாறையில், அந்தப் பிடி மண்ணில், இது எதைக் குடித்துவிட்டு இப்படி வெளுத்துப் பூக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. வறட்சி இதை ஒன்றும் செய்யவில்லை. இத்தனை காலம் எத்தனை வறட்சியைப் பார்த்திருக்கும். மம்மட்டியோடு வந்த பக்தர்களைத்தான் அது பார்த்திருக்கவில்லை.

ஆனால் இருந்ததே கொஞ்சம். சித்திரை பிறந்ததும் பாறை அடுப்புக்கல் மாதிரி ஆகிவிட்டது. கைப்பிடியாக இருந்தது உள்ளங்கையளவு ஆனது. பிறகு பத்துப் பூ. பிறகு மூன்று. ஒரு நாள் ஒன்று. அந்த ஒன்றை வழியில் காற்று தூக்கிவிடாமல் அவள் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தாள். மேடு பள்ளத்தில் வண்டி குதித்தபோதும் என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. அதற்கு மறுநாள் எதுவும் இல்லை.

குருக்கள் பெரிய மனசுக்காரர். வெறும் கையோடு நின்றவளைப் பார்த்து, "வில்வம் இருக்கும்மா, போடு. மனசுதான் பூ. அவர் கோவிச்சுக்க மாட்டார்" என்றார்.

"கோவிச்சிக்க மாட்டாருங்க. தெரியும். நான் சொன்ன சொல்லு இருக்குதே சாமி" என்றாள். ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்து லிங்கத்துக்கு ஊற்றச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அன்று அம்பாள் சன்னதிச் சுவரைப் பார்த்தேன். நாங்கள் பூசிய சிமெண்டின் ஓரமாகக் கொசுத்தேனீக்கள் எள்ளைக் கொட்டிவைத்தாற்போல் காய்ந்து கிடந்தன. விரலால் தொட்டால் பொடியாயின. அந்தக் கோயிலுக்குள் நாள் முழுக்க ஒரு சின்ன ரீங்காரம் இருந்துகொண்டே இருக்குமாம். மனைவி சொன்னாள். அவை உயிரோடு இருந்தபோது நான் போன அந்த ஒரு நாளில், சுரண்டுகிற சத்தத்தில், எனக்கு அது கேட்கவே இல்லை.

ஏழாம் மாதம் முடிந்து எட்டு பிறந்த சமயம், ஒரு மத்தியான வேளையில் மகளுக்கு வலி எடுத்தது. ஆட்டோவில் ஆரணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு நாள் இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு ஒரு தடவை தொட்டுப் பார்க்க விட்டார்கள். என் சுண்டு விரலை அந்தக் கை சுற்றிப் பிடித்தது. பிடித்ததாக நான் நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் காலையில் மாப்பிள்ளை வராந்தாவில் வந்து நின்று, "மாமா" என்றார்.

யார் மேலும் தப்பு இல்லை, கர்ப்பப்பை தாங்கவில்லை, நுரையீரல் முற்றவில்லை என்று டாக்டர் அம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். எட்டாவது படித்தவனுக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். புரிந்தது. பூ குறைந்ததென்று ஒரு பிஞ்சை எடுத்துக்கொள்கிறவர் இல்லை என் ஈசன். இத்தனை வருஷம் கும்பிட்டதில் அந்த அளவுக்கு அவரை எனக்குத் தெரியும். தினமும் சொல்லிக்கொள்கிறேன். சொல்லி முடித்ததும், அந்த முதல் மம்மட்டி வெட்டு தரையில் இறங்கிய சத்தம் கேட்கிறது.

வைகாசியில் ஒரு கோடை மழை பெய்தது. மனசு கேட்காமல் கோயிலுக்குப் போய்ப் பார்த்தேன். பிரகாரம் முழுக்கப் பச்சை. ஓடிப்போய்க் குனிந்தேன். எல்லாம் பார்த்தீனியம், தொட்டால் அரிக்கும் விஷக்களை. நாங்கள் கொட்டிய கிராவலோடு வந்த விதை. களைக்கொல்லி அதை ஒன்றும் செய்யவில்லை. தலைவரிடம் சொன்னேன். "அடுத்த ஞாயிறு வண்டிய உடுவோம் ஐயா, மறுபடி சுத்தம் பண்ணிடலாம்" என்றார். அவரிடம் எதையும் நான் விளக்கவில்லை. குழுவில் இன்னும் என் பெயர் இருக்கிறது. நான் போவதில்லை.

குழந்தை போய் ஒரு மாதம் இருக்கும். மகள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். நான் முன் அறையில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே மனைவி அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். சீப்பு இழுபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று மகள் கேட்டாள்.

"ஏம்மா, போன ரெண்டு தடவையும் எங்கெங்கயோ வேண்டிகினு, மண்சோறுகூடச் சாப்ட்டியே. இந்த வாட்டி நீ எதுவுமே வேண்டிக்கலியாம்மா?"

சீப்புச் சத்தம் நின்றது. என் கையில் ஊசி நின்றது. இனிமேல் சொன்னால் கலைவதற்கு ஒன்றும் இல்லை. என் மனைவி சொல்லியிருக்கலாம். "உங்கப்பாவைக் கேளு" என்று ஒரு வார்த்தை போதும். முன் அறையில் நான் இருப்பது அவளுக்குத் தெரியும்.

"இல்லடி" என்றாள். "இந்த வாட்டி மறந்துட்டேன்."

மகள், "போதும், உடு, நானே வாரிக்கறேன்" என்று சீப்பை வாங்கிக்கொண்டாள்.

நான் எழுந்து போயிருக்க வேண்டும். நாலு அடிதான். எழவில்லை. பொத்தானைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

அடுத்த வாரம் மகள் சேத்துப்பட்டுக்குப் போய்விட்டாள். இப்போது போன் செய்தால் என்னிடம்தான் பேசுகிறாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று அக்கறையாகக் கேட்கிறாள். அம்மாவிடம் கொடுக்கட்டுமா என்றால், "அப்புறம் பேசறேன்பா" என்று வைத்துவிடுகிறாள். மனைவி அடுப்படியில் இருந்தபடி, "நல்லா இருக்காளாமா?" என்று கேட்கிறாள். நல்லா இருக்கிறாள் என்று சொல்கிறேன். மகளிடம் அந்தத் தும்பையைப் பற்றி இன்னும் நான் எதையும் சொல்லவில்லை.